பேயை விடுங்கள், தாய்மாமனைத் தேடுங்கள்: மர்மத் தொடர்களில் குடும்ப ரகசியத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

குடியாத்தத்தில் என் பெரியம்மா பீடி சுற்றிக்கொண்டே டிவி பார்ப்பார். மடியில் முறம், முறத்தில் நறுக்கிய இலை, ஓரத்தில் தூள், விரலில் நூல். கண் திரையில் இருக்கும், கை அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். பேய் வந்தாலும் நிற்காது, கொலை விழுந்தாலும் நிற்காது. ஆனால் ஏதோ ஒரு சாப்பாட்டுக் காட்சியில், அண்ணி என்று கூப்பிட வேண்டியவன் வாய் தவறி அம்மா என்று கூப்பிட்டுவிட்டால் கை சட்டென்று நின்றுவிடும். "இன்னாடா இவன் இப்படிக் கூப்புடறான்?" என்பார். அப்புறம் மறுபடி சுற்ற ஆரம்பிப்பார். சில வாரம் கழித்து ரகசியம் உடையும்போது பார்த்தால், அது அந்த இடத்தில்தான் இருந்திருக்கும்.

நான் மர்மத் தொடர்களுக்கு ஊகம் கட்டப் பழகியது அந்தக் கையைப் பார்த்துத்தான். இப்போது சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் இதே வேலையாக உட்காருகிறோம். வேலூர் வெயிலுக்கு ஆறரை மணிக்கு முன்னால் மாடியில் கால் வைக்க முடியாது என்பதால் இருட்டிய பிறகுதான் கூட்டம். பேய்க்கதைக்கு அதுவும் வசதி.

ஒரு எச்சரிக்கை. விளக்குவதற்காக இரண்டு தொடர்களின் ரகசியங்களை இங்கே போட்டு உடைக்கப் போகிறேன். ஒன்று 1990களில் சன் டிவியில் வந்த மர்மதேசத்தின் 'விடாது கருப்பு'. இன்னொன்று ஜெர்மன் தொடரான 'டார்க்'. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கேயும் போகாது.

முதலில் தொடரைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாத் தொடருக்கும் ஊகம் கட்ட முடியாது. ஆயிரம் எபிசோடு ஓடும் தினத்தொடரில் கதை ரேட்டிங்கைப் பார்த்து வளைகிறது. நடிகர் விலகினால் பாத்திரம் வெளிநாடு போகிறது, இல்லையென்றால் "இனி இவருக்குப் பதில் இவர்" என்று கீழே ஒரு வரி ஓடுகிறது. அங்கே துப்பு தேடுவது வீண்வேலை. முடிவு தெரிந்து எழுதப்பட்ட தொடராகப் பாருங்கள். டார்க் 3 சீசன், 26 எபிசோடு, 2017 டிசம்பரில் தொடங்கி 2020 ஜூனில் முடிந்தது. இந்த அளவு கட்டுக்கோப்பு இருந்தால் நம் உழைப்புக்கு மதிப்பு உண்டு.

அப்புறம் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டும் பென்சிலும். பேனா வேண்டாம். ஏன் என்பது இரண்டாவது எபிசோடிலேயே புரிந்துவிடும்.

வம்சக் கொடி வரைதல்: இரண்டு வகைக் கோடு

நோட்டின் நடுப்பக்கத்தைத் திறந்து குடும்பத்தை வரையுங்கள். எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், ஆனால் ஒரு தவறோடு செய்கிறார்கள். தொடர் சொன்னதை எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டு ஒரே மாதிரி அழுத்தமான கோடாகப் போட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் இரண்டு வகைக் கோடு போடுங்கள். நாமே திரையில் பார்த்தது, அல்லது சம்பந்தப்படாத ஒருவர் சாட்சி சொன்னது என்றால் முழுக்கோடு. யாரோ வாயால் சொன்னது மட்டும் என்றால் புள்ளிக்கோடு, பக்கத்தில் சொன்னவர் பெயர். "இவள் என் மகள்" என்று ஒருவர் சொன்னால் அது புள்ளிக்கோடுதான். பிரசவம் பார்த்தவர் யார், எந்த ஊரில், எத்தனை மாதம் அந்தப் பெண் வெளியே தலைகாட்டவில்லை என்று கேள்வி எழுதி வையுங்கள்.

டார்க்கை இந்த முறையில் வரைந்தால் சார்லட் என்ற போலீஸ் அதிகாரிக்கு மேலே கோடே வராது. அவளை வளர்த்தது ஒரு கடிகாரக்காரர். பெற்றவர்கள் யார் என்பதற்குப் புள்ளிக்கோடுகூடக் கிடையாது. விண்டன் என்ற அந்தச் சின்ன ஊரில் நான்கு குடும்பங்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், இவளுக்கு மட்டும் மேலே வெற்றிடம். கடைசியில் தெரிவது என்ன? சார்லட்டின் மகள் எலிசபெத்தான் சார்லட்டைப் பெற்றவள். காலப் பயணத்தில் மகளே தாய். முதல் நாள் யாரும் இதை ஊகித்திருக்க முடியாது. ஆனால் ரகசியம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கொடியே காட்டிக்கொடுத்திருக்கும். கொடியில் காலியாக இருக்கும் இடத்தைத்தான் தோண்ட வேண்டும்.

உறவுச் சொல்லைப் பிடியுங்கள்

தமிழ் தெரிந்தவருக்கு இந்த வேலையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் அங்கிள், ஆன்ட்டி என்று இரண்டே பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். நமக்குப் பெரியப்பா வேறு, மாமா வேறு. சித்தி வேறு, அத்தை வேறு. ஒரு சொல்லிலேயே அப்பா வழியா அம்மா வழியா, மூத்தவரா இளையவரா, கட்டும் முறையா கட்டக் கூடாத முறையா என்பது தெரிந்துவிடுகிறது.

அதனால் வெளிநாட்டுத் தொடரைப் பார்க்கும்போது ஒவ்வொரு உறவையும் தமிழில் மாற்றி நோட்டில் எழுதுங்கள். டார்க்கின் நாயகன் ஜோனாஸ். அவனுடைய அப்பா மைக்கேல், உண்மையில் 2019இல் குகைக்குள் காணாமல் போய் 1986இல் வெளியே வந்த மிக்கெல் என்ற சிறுவன். அந்த மிக்கெலின் அக்கா மார்த்தா. ஜோனாஸ் காதலிப்பது மார்த்தாவை. சப்டைட்டிலில் இதைப் படித்தால் ஏதோ சிக்கல் என்று மட்டும் தோன்றும். தமிழில் எழுதிப் பாருங்கள்: பையன் காதலிப்பது சொந்த அத்தையை. அத்தை பெண்ணைக் கட்டலாம், அத்தையையே கட்டினால்? இதை மாடியில் உரக்கப் படித்தபோது நண்பன் ஒருவன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

நம் தொடர்களில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. மாமா, அத்தை என்ற சொற்கள் இங்கே நிறையப் பேரை மறைக்கும். மாமனாரும் மாமா, தாய்மாமனும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, பக்கத்து வீட்டுக்காரரும் மாமா. கதாசிரியர் யாரையாவது ஒளிக்க நினைத்தால் அவருக்கு மாமா என்றுதான் பெயர் வைப்பார். ஐந்து எபிசோடு ஆன பிறகும் ஒரு மாமா எந்த வழியில் மாமா என்று தெரியவில்லையா, அவர் பெயரைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

இன்னொன்று, கல்யாணத்துக்குத் தடை. முறைப்பையன், முறைப்பெண், இருவருக்கும் பிடித்திருக்கிறது, ஜாதகமும் பொருந்துகிறது, ஆனால் வீட்டில் ஒரு பெரியவர் மட்டும் காரணம் சொல்லாமல் முடியாது என்கிறார். பின்னணியில் சங்கு ஊதுகிறது, கண்ணாடி விரிசல் விடுகிறது, ஆவி தடுக்கிறது என்று தொடர் நம்ப வைக்கும். ஆவியெல்லாம் கிடையாது. அந்தப் பெரியவருக்கு இவர்கள் மாமன் மகள், அத்தை மகன் இல்லை என்பது தெரியும். ஒரே ரத்தம், அண்ணன் தங்கை முறை. இந்த ஒரு ஊகத்தில் பெரியம்மா தோற்று நான் பார்த்ததில்லை.

சடங்கில் யார் எங்கே நிற்கிறார்

வாயால் பொய் சொல்கிறவர்கள்கூடச் சடங்கில் பொய் சொல்லப் பயப்படுவார்கள். அதனால் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு, குலதெய்வப் பொங்கல் காட்சிகள் வந்தால் ரீவைண்ட் செய்து இரண்டு முறை பாருங்கள். காதுகுத்தில் பிள்ளை யார் மடியில் உட்காருகிறது? தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். சீர் தட்டை முதலில் எடுத்து வருவது யார்? சாவில் கொள்ளி வைப்பது யார், மூத்த மகன் இருக்கும்போது ஏன் வேறு ஒருவர் முன்னால் வருகிறார்? குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு? பங்காளிகளுக்கு ஒரே குலதெய்வம். சம்பந்தமே இல்லாத ஒரு வேலைக்காரர் வருடா வருடம் அதே கோயிலுக்கு வந்து ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார் என்றால் அவர் வேலைக்காரர் இல்லை.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும். அம்மனின் தலை மட்டும் தெருத்தெருவாக வந்து, கோபாலபுரத்துக் கோயிலில் உடலோடு சேரும். பின்னால் இருப்பது ரேணுகாதேவியின் கதை. அப்பா ஜமதக்னி சொன்னார் என்று மகன் பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான், பிறகு அந்தத் தலை வேறொரு பெண்ணின் உடலோடு சேர்ந்து உயிர் பெறுகிறது என்பது ஊரில் சொல்லும் கதை. அப்படியானால் எழுந்து வந்தவள் யாருக்கு அம்மா? குழந்தையிலிருந்தே தேர்க்கூட்டத்தில் தோளில் உட்கார்ந்து இதைப் பார்த்தவர்களுக்கு, டார்க்கின் மகளே தாய் என்ற முடிச்சு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தும் ஒரு பாடம் சொல்லும். கர்ண மோட்சம் நடக்கும் ராத்திரி, விடிய விடிய உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் கர்ணன் யார் பிள்ளை என்பது தெரியும். ஆனாலும் யாரும் எழுந்து போவதில்லை. குந்திக்குத் தெரியும், கர்ணனுக்குத் தெரிந்துவிட்டது, பாண்டவர்களுக்கு எப்போது தெரியும் என்பதில்தான் மொத்த ராத்திரியும் ஓடுகிறது. எனவே உங்கள் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'இவருக்கு எவ்வளவு தெரியும்' என்று ஒரு கட்டம் போடுங்கள். ரகசியம் என்ன என்பது பிடிபடாதபோதுகூட, அது யாருக்கெல்லாம் தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்துவிடும்.

தேதியும் காகிதமும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகவே போகும்.

மர்மத் தொடரில் கட்டாயம் ஒரு பழைய பெட்டி திறக்கும். உள்ளே கடிதம், பத்திரம், போட்டோ. அந்தக் காட்சியை நிறுத்தி, எழுத்தைப் படியுங்கள். எங்கள் பக்கத்தில் நடக்கும் கதை என்றால் மாவட்டத்தின் பெயரே காலம் சொல்லும். என் தாத்தா வாங்கிய நிலப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கிறது. 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் பிரிந்தது, மீதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. வேலூர் மாவட்டம் என்ற பெயர் 1990களின் பின்பாதியில்தான் வந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. இன்னும் பின்னால் போனால், 1911க்கு முன் வட ஆற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர். ஆகவே 1975 தேதியிட்ட உயிலில் 'வேலூர் மாவட்டம்' என்று இருந்தால் இரண்டில் ஒன்று: கலை இயக்குநர் தூங்கிவிட்டார், அல்லது கதைக்குள் யாரோ பிற்காலத்தில் போலி உயில் தயாரித்திருக்கிறார். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பின்கோடு இன்னொரு கருவி. அது நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. அறுபதுகளில் வந்ததாகக் காட்டும் கடித உறையில் 632 என்று தொடங்கும் எண் இருந்தால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

சொத்துக் கதை என்றால் சட்டமும் தேதி சொல்லும். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற திருத்தம் 1989இல் வந்தது, அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை அது சேர்க்கவில்லை. ஒரு அப்பா மகளின் கல்யாணத்தை அவசர அவசரமாக 1988இல் முடித்ததாகக் காட்டினால், சாபம் தோஷம் என்பதை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு நிலத்தைப் பாருங்கள். ரகசியம் வெளியே வந்தால் யாருக்கு நஷ்டம் என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் வில்லங்கச் சான்றிதழில்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் விடச் சுவையானது தமிழ் ஆண்டு. பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்தான், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. ஓலையிலோ நடுகல்லிலோ 'விசுவாவசு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 2025ஆகவும் இருக்கலாம், 1965ஆகவும் இருக்கலாம், 1905ஆகவும் இருக்கலாம். பாத்திரங்கள் எல்லோரும் ஒரு வருடத்தை நினைத்துக்கொண்டு ஓடும்போது, நீங்கள் 60ஐக் கூட்டியும் கழித்தும் பாருங்கள். தாத்தாவின் ஜாதகம் என்று நினைத்தது பேரனுடையதாக இருக்கும். டார்க் இதையே 33 வருடச் சுற்றாக வைத்து 1953, 1986, 2019 என்று ஆடுகிறது. அது காட்டிய ஆட்டத்துக்கு நம் பஞ்சாங்கத்தில் இடம் இன்னும் தாராளம்.

எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு போட்டோ உண்டு. அம்மாவுக்குக் காதுகுத்தியபோது எடுத்தது. பின்பக்கம் மசியில் 'விசுவாவசு, ஆனி' என்று மட்டும் இருக்கிறது. கறுப்பு வெள்ளை, மூலையில் செல்லரித்த துளை. 1965 என்று சொல்ல பெரிய துப்பறிவாளர் தேவையில்லை.

பேய்க்கு ஒரு பத்தி, மனிதனுக்கு ஒரு பத்தி

பக்கத்தை நடுவில் மடித்து, ஒவ்வொரு அமானுஷ்யச் சம்பவத்துக்கும் இரண்டு விளக்கம் எழுதுங்கள். இடப்பக்கம்: நிஜமாகவே தெய்வமோ ஆவியோ செய்தது. வலப்பக்கம்: மனிதன் செய்தது என்றால் யாரால் முடியும், அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார்.

விடாது கருப்பு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கருப்பசாமி வந்து தண்டிக்கிறார் என்று ஊரே நம்பும், நாங்களும் போர்வைக்குள் இருந்து நம்பினோம். அந்தத் தொடர் ஒரு சிறுவனின் கதையையும் நிகழ்காலத்தையும் மாறி மாறிக் காட்டும். எங்களுக்குக் குதிரைச் சத்தத்தைக் கேட்டால் போதும், உடம்பு சிலிர்த்துவிடும். பெரியம்மா குதிரையைக் கண்டுகொள்ளவே இல்லை. "சாமிய உடுங்கடா. அந்தப் புள்ளைய இன்னா பாடு படுத்தறாங்க பாருங்க. அது வளந்து சும்மா இருக்குமா?" என்றார். கடைசியில் கருப்பாக வந்தது அந்தச் சிறுவன் வளர்ந்த ராஜேந்திரன்தான், தனக்குள் இன்னொருவன் இருப்பது அவனுக்கே தெரியாது என்று உடைந்தபோது, அவர் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. அன்றைய கட்டை எண்ணி முடித்துவிட்டுப் படுக்கப் போனார்.

வலப்பக்கம் ஒவ்வொரு சம்பவத்திலும் நிரம்பிக்கொண்டே வந்தால் அது மனிதக் கை. வலப்பக்கத்தில் ஒரே ஒரு சம்பவமாவது எந்த வகையிலும் பொருந்தாமல் நின்றால், தொடர் நிஜமாகவே அமானுஷ்யத்தை வைத்து விளையாடுகிறது. டார்க்கில் அந்தச் சம்பவம் ஆரம்பத்திலேயே வருகிறது. மைக்கேல் தூக்குப் போட்டுக்கொள்ளுமுன் ஒரு கடிதத்தை விட்டுப் போகிறான், உறைமேல் நவம்பர் 4, இரவு 10:13க்கு முன் திறக்காதே என்று எழுதியிருக்கிறது. அதே ராத்திரிதான் சிறுவன் மிக்கெல் காணாமல் போகிறான். செத்தவனுக்கு மாதங்கள் கழித்து நடப்பது நிமிடம் தவறாமல் எப்படித் தெரியும்? மனிதனால் இது முடியாது, அந்த ராத்திரியை ஏற்கெனவே அனுபவித்தவனைத் தவிர.

ஊகத்தை மூன்றே வரியில் எழுதுங்கள்

யார், யாரிடமிருந்து, எதை, ஏன் மறைக்கிறார் என்பது முதல் வரி. ஆதாரம் எந்த எபிசோடில் எந்தக் காட்சி என்பது இரண்டாவது. மூன்றாவது முக்கியம்: இது சரியென்றால் இனி என்ன காட்சி வர வேண்டும், என்ன வந்தால் இது தப்பு. மேலே சொன்ன கடிதத்துக்கு எழுதினால், "மைக்கேல்தான் மிக்கெல். உறைமேல் உள்ள நேரம். சரியென்றால் மைக்கேலுக்குக் குழந்தைப் பருவப் போட்டோ 1986க்கு முன் இருக்கக் கூடாது, இருந்தால் தப்பு." மூன்றாவது வரி எழுத வரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ஊகம் இல்லை, ஆசை.

தப்பான ஊகத்தை அழிக்க வெட்கப்படாதீர்கள். ஒரு தொடரில் நாயகியின் இடது கன்னத்து மச்சம் ஒரு காட்சியில் வலது கன்னத்தில் இருந்தது. இரட்டைப் பிறவி, ஒருத்தி செத்துவிட்டாள், வந்திருப்பது ஆவி என்று மூன்று வாரம் மாடியில் பிரசங்கம் செய்தேன், இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன். நான்காவது வாரம் பெரியம்மா சத்துவாச்சாரிக்கு வந்திருந்தார். அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். ஒரு முறைதான் பார்த்தார். "முந்தானை வலது தோள்ல இருக்குது பாரு. படத்தையே திருப்பிப் போட்டுட்டான்." எடிட்டிங்கில் பிம்பத்தைப் புரட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆவி, இரட்டை எல்லாம் போச்சு.

அதிலிருந்து ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு முரண் ஒரே ஒரு முறை வந்தால் அது படப்பிடிப்புத் தவறு. இரண்டாவது முறை வந்தால் பென்சிலில் குறி. கேமரா அதன்மேல் ஒரு விநாடி அதிகமாக நின்றாலோ, ஒரு பாத்திரம் அதைப் பார்த்து முகம் மாறினாலோ அது துப்பு. அந்த 'வேலூர் மாவட்டம்' உயிலுக்கும் இதே சோதனைதான்: வக்கீல் அதைப் படிக்கும்போது கண்ணைச் சுருக்குகிறாரா என்று பாருங்கள்.

டார்க் மாதிரித் தொடர்களில் வெளியீட்டுத் தேதியையும் விடாதீர்கள். இரண்டாவது சீசன் வந்தது 2019 ஜூன் 21, கதையில் மைக்கேல் தூக்கில் தொங்கும் நாள். மூன்றாவது வந்தது 2020 ஜூன் 27, கதையில் உலகம் அழியும் நாள். இப்படி வேலை செய்கிறவர்கள் மச்சத்தைப் புரட்டிப் போட மாட்டார்கள்.

பயிற்சிக்கு

கை பழக, முதலில் தெரிந்த குடும்பம் ஒன்றை இரண்டு வகைக் கோட்டில் வரைந்து பார்ப்பது நல்லது. சொந்தக் குடும்பம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நான் அதைத்தான் வரைந்தேன்.

அம்மா வழியில் தாத்தா பாட்டி வரை முழுக்கோடாகவே வந்தது. அப்புறம் சடங்கு, காகிதம் என்று நானே எழுதி வைத்த வரிசைப்படி அந்தக் காதுகுத்துப் போட்டோவை எடுத்தேன். அம்மா ஒருவர் மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை, கையில் சீர்த் தட்டிலிருந்து எடுத்த தோடு. தாய்மாமன் உட்கார வேண்டிய இடம். ஆனால் பாட்டி ஒரே பெண், அண்ணன் தம்பி கிடையாது என்றுதான் இத்தனை வருடமும் கேட்டு வளர்ந்திருக்கிறேன். ஒன்றுவிட்ட உறவாக இருக்கலாம், ஊர்க்காரராக இருக்கலாம். இருந்தால் யாராவது ஒருமுறையாவது பெயர் சொல்லியிருப்பார்கள் இல்லையா?

போன மாதம் குடியாத்தம் போனபோது போட்டோவைக் கொண்டுபோய் பெரியம்மாவிடம் நீட்டினேன். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. "பெரிம்மா, இவரு யாரு?"

கை நின்றது. நூல் பாதி சுற்றிய பீடி விரலிலேயே இருந்தது.

"அத உடு கண்ணு," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "இலை காயுது."

அந்த இடத்தில் புள்ளிக்கோடு போட்டிருக்கிறேன். பக்கத்தில் சொன்னவர் பெயர் எழுத வேண்டிய கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.